மாமியார் செத்த லீவு

செத்துப்போன மாமியார் முசோரி மலை உச்சியில் உட்கார்ந்து குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தாள். சிவப்பு ஐஸ். வெயில் சுள்ளென்று அடித்தது. தூரத்துப் பனிமலையெல்லாம் வெள்ளை வேட்டி உலர்த்திய மாதிரி தெரிந்தது. ஆகா என்று தசரதன் வாயைத் திறந்தான். மூடவில்லை. கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த பெட்டி நின்று, அதிலிருந்து சூப்பர்வைசர் யாக்கோபு இறங்கினார்.

விஷயத்தைச் சொல்லாவிட்டால் புரியாது. தசரதன் மண்ணூர்ப் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். கோடைக்குப் படப்பையிலிருந்து ஒரு யாத்திரை பஸ் கிளம்பியது. காசி, ஹரித்துவார், முசோரி. போக வரப் பதினாறு நாள். கம்பெனியிலோ மே மாதம் ஒரு நாள் லீவு கேட்டாலே யாக்கோபு முறைப்பார். பதினாறு நாள் எதற்குக் கிடைக்கும்? கருமாதிக்குக் கிடைக்கும். ஆகவே தசரதன் மாமியார் கங்கம்மாளைக் கொன்றுவிட்டான். வாயால்தான். "அவங்களுக்கு ஆம்பளப் புள்ள இல்ல சார். கொள்ளியும் நான்தான், காரியமும் நான்தான்" என்று அழுதும் காட்டினான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஹரித்துவாரில் தலை, மீசை எல்லாம் வழித்துக்கொண்டான். கம்பெனிக்குப் போனால் கருமாதி மொட்டை, வீட்டுக்கு வேண்டுதல் மொட்டை. இப்படி ஒரு மூளை லேத் ஓட்டுகிறதே என்று தனக்காகத் தானே வருத்தப்பட்டான்.

இப்போது அந்த மூளை நின்றுவிட்டது.

"இன்னாய்யா, பேயறஞ்சா மாரி நிக்கிற?" என்றாள் பெண்டாட்டி சுந்தராம்பாள்.

"உங்கம்மாவ எங்கனா ஒளிச்சு வையி."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காத. ஒரு அரை மணி நேரம் அவங்க இல்லனு வெச்சுக்க."

"அரை மணி போதுமா? பதினாறு நாள் வாணாமா?"

வேறு நேரமாக இருந்தால் அவனுக்கு உறைத்திருக்கும்.

"இன்னாடி சொல்றாரு மாப்ள?" என்றாள் கங்கம்மாள்.

"உன்ன இல்லனு வெச்சுக்கணுமாம்."

"இந்த ஐஸ் தீரட்டும்னு சொல்லு."

பக்கத்தில் ஒரு போட்டோக்காரன். மலைநாட்டுப் பெண் உடுப்பை வாடகைக்கு மாட்டிவிட்டுப் படம் எடுக்கிறவன். தசரதன் அவனிடம் பாய்ந்தான். போட்டோக்காரன் இந்தியில் ஏதோ கேட்டான். தசரதனுக்குத் தெரிந்த இந்தி ‘அச்சா’ ஒன்றுதான். அச்சா என்றான், சட்டைக்குமேல் பச்சை ரவிக்கையும் பாவாடையும் ஏறின. அச்சா என்றான், ஜிகினா முக்காடு விழுந்தது. மூன்றாவது அச்சாவுக்குக் கழுத்தில் சங்கிலி, இடுப்பில் பித்தளைக் குடம். மீசை போனது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

யாக்கோபு பெண்டாட்டியோடு நேரே அங்கேயே வந்தார்.

"லூர்து, மலைக்காரப் பொம்பளய பாரேன். இன்னா ஒசரம்! கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எடுக்கலாங்க" என்றாள் லூர்தம்மாள். "ஆனா காலுல பூட்ஸ் போட்டுக்கினு கீது. பூட்ஸ்ல நம்பர் எழுதியிருக்குது."

மலைக்கு நல்லது என்று கம்பெனி பூட்ஸோடு வந்திருந்தான். திருடு போகாமலிருக்க வெள்ளைப் பெயின்டில் ஆளுக்கொரு நம்பர் போட்டுக் கொடுக்கிற பூட்ஸ்.

"நானூத்திப் பன்னெண்டு" என்று குனிந்து படித்தார் யாக்கோபு. "முக்காட்ட எடு தசரதா. கொடத்த கீழ வையி."

குடம் தானாகவே விழுந்தது. வேலை போயிற்று என்று தசரதனுக்குத் தெரிந்துவிட்டது. முக்காடும் நழுவி மொட்டை வெயிலில் பளபளத்தது.

"சார்... செத்தது நெசம் சார். காசியில கங்கத் தண்ணி தெளிச்சேன். எழுந்து உக்காந்துட்டாங்க."

"வா யாக்கோபு தம்பி, இப்பத்தான் வந்தியா?" என்று எழுந்து வந்தாள் எழுந்து உட்கார்ந்தவள். மருமகன் தலையைத் தடவிப் பார்த்தாள். "எனக்குப் போட்ட மொட்டையா மாப்ளே? நல்லாத்தான் கீது."

யாக்கோபு சொன்னார்: "நீ அழுதுட்டுப் போன அன்னிக்கே மாலை எடுத்துக்கினு உன் வூட்டுக்கு வந்தேன்யா. நீ பஸ்ஸுக்குப் பாய் வாங்கப் போயிருந்த. கதவத் தொறந்ததே இவங்கதான்."

"மாலையையும் நான்தான் வாங்கிக்கினேன்" என்றாள் கங்கம்மாள். "ரோசா மாலை. சாமி படத்துக்குப் போட்டுட்டேன்."

"உன் பொண்டாட்டி உள்ளத உள்ளபடி சொல்லிச்சு. அதுக்கோசரம் பதினாறு நாளும் முறையா லீவு எழுதி அது கையிலயே குடுத்தேன். என் மச்சான் டேராடூன்ல மிலிட்டரில கீறான், நாங்களும் இதே வாரம் முசோரிக்கு வரோம்னு அதுலயே எழுதியிருந்தேனே!"

"லீவு எழுதிக் குடுத்தீங்களா? எங்க சார்?"

சுந்தராம்பாள் ஒரு விரலால் அவன் மார்பைக் குத்தினாள். ரவிக்கை, சங்கிலி எல்லாவற்றுக்கும் அடியில், சட்டைப்பையில் காகிதம் மொறமொறத்தது.

அவன் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் அவளே மாற்றி வைத்திருந்தாள். படப்பையில் பஸ் ஏறும்போது ஒரு தடவை சொன்னாள். காசியில் ஒரு தடவை சொன்னாள். ஹரித்துவாரில் நாவிதர் கத்தியைத் தீட்டும்போதுகூடச் சொன்னாள்: "சட்டப் பையில ஒரு காயிதம் வெச்சிருக்கேன், அத ஒரு தபா படிச்சுட்டு அப்புறம் உக்காருய்யா."

பெண்டாட்டி வைக்கிற காகிதம் ஜாமான் லிஸ்ட்டாகத்தான் இருக்கும் என்று, தசரதன் படிக்கவில்லை.