லூமன் மாமாவின் கொலுக் கிண்ணம்

மயிலாப்பூரில் எதைப் பற்றி வேண்டுமானாலும் புளுகலாம், டார்ச் லைட்டைப் பற்றி மட்டும் முடியாது. நான் அங்கே குடியிருந்த நாளில், எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் லூமன் மாமா இருந்தார்.

ஒரு டார்ச் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதற்கு லூமன் என்று ஒரு கணக்கு உண்டு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமனை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. அளக்கும் கருவி யானை விலை என்றதும் வீட்டிலேயே செய்ய இறங்கினார். அதற்கு உள்ளே வெள்ளையாக ஒரு உருண்டை வேண்டும். மாமி ஒரு கொலுவில் வாங்கி வந்த வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம் பாதி உருண்டை ஆயிற்று. மீதிப் பாதிக்கு மறுநாள் மாமாவே அந்தக் கொலுவுக்குப் போனார். ஆண்களுக்குக் கிண்ணம் கொடுக்கும் வழக்கமில்லை என்றார்கள். பாடினால் தருவீர்களா என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஆரம்பித்தார். பல்லவி முடிவதற்குள் கிண்ணம் வந்துவிட்டது.

இரண்டையும் வாயோடு வாய் வைத்து ஒட்டினார். ஒரு ஓட்டையில் டார்ச், இன்னொரு ஓட்டையில் வெளிச்சத்தை அளந்து காட்டும் ஆப் போட்ட செல்போன். மகன் வாங்கி, லேபில் அளந்து அனுப்பிய டார்ச் ஒன்று அவரிடம் இருந்தது, சரியாக ஆயிரம் லூமன். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார். அது இல்லாவிட்டால் கிண்ணம் வெறும் கிண்ணம்.

தீர்ப்பில் தயவு தாட்சண்யம் கிடையாது. குடியிருப்புச் சங்கத் தலைவரின் ஐயாயிரம் லூமன் டார்ச், நூற்று நாற்பத்து மூன்றில் வந்து நின்றது. நூற்றைம்பது என்று சொல்லக்கூடாதா என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தார். மாமா மசியவில்லை. அன்றிலிருந்து தலைவர் இவரைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார்.

இவரிடம்தான் என் மாமனார் வந்து மாட்டினார். வேளச்சேரிக்காரர். முந்தைய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, இருட்டில் மாமியாரின் கையைத் தேடித் தடவியவர். இந்தத் தடவை முன்கூட்டியே ரங்கநாதன் தெரு பிளாட்பாரத்தில் ஒரு லட்சம் லூமன் டார்ச் வாங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இனிமே பயமில்ல மாப்ள. உங்க அத்தைகிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து லூமன் மாமா பேப்பர் இரவல் கேட்டு வந்தார். டார்ச்சைப் பார்த்துவிட்டார்.

மூவரும் மேலே போனோம். மாமா அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எண்பத்தேழு என்று எழுதினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. எதிரே மாமனார் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி கைகட்டி நின்றார். மாமா அவரை ஒருமுறை பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சார், இவ்ளோ வெளிச்சத்தை அளக்க என் கிண்ணத்துக்கு வக்கில்லை."

பிறகு தன் ஆயிரம் லூமன் டார்ச்சை எடுத்து நீட்டினார்.

"நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். இது வெள்ளத்துல எப்படி எரியறதுன்னு பாக்கணும். ரெண்டாம் மாடில அதுக்கு வழியில்லை. உங்காத்துல வெச்சுண்டு, மழையெல்லாம் விட்டப்புறம் சொல்லுங்கோ."

மாமனார் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் குடியிருப்பில் ஒரு டார்ச்சும் அளக்கப்படவில்லை. தலைவர் மறுபடி லிஃப்டில் போனார். கேட்டவர்களிடமெல்லாம் மாமா கிண்ணம் ரிப்பேர் என்றார். எனக்குத் தெரிந்து அது அவருடைய மூன்றாவது பொய். மூன்றையும் கூட இருந்து கேட்டவன் நான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.