பெரட்டுக் களத்தில் மடங்காத டென்ட்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை வச்சிருக்கிற முதலாளி, உன்னத்தான்யா சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். நீ செஞ்சது துரோகம். விரியிற டென்டை என் தலையில கட்டிட்டு, அதை மடக்குற வித்தையை நீயே வச்சுக்கிட்ட!

மத்தவங்களுக்கு நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ராத்திரி மீன் புடிக்கப் போற எடத்துல தங்குறதுக்கு ஒரு டென்ட் வாங்கணும்.

நாங்க நாலு பேரு ஒரு செட். மாசத்துல ஒரு சனிக்கிழமை லுணுகலையில இருந்து கெளம்பி, மகியங்கனைப் பக்கம் ஒரு குளத்துல விடிய விடிய தூண்டில் போட்டு, ஞாயித்துக்கிழமை காலையில மீனோட வருவோம். செட்டுக்குத் தலைவர் என் பொண்டாட்டியோட தம்பி. த்ரீவீல் ஓட்டுறான். வண்டி அவனோடது, அதனால தலைவர்.

முந்தி ஒரு தடவை தங்குற ஏற்பாட்டை நான் எடுத்துக்கிட்டேன். மரக்கறி லொறியை மூடுற பழைய படங்கு ஒண்ணை, பேரம் பேசி, கிட்டத்தட்ட சும்மாவே வாங்கிட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரி பேஞ்ச மழையில குளத்துக்குள்ள இருந்த மீனை விட நாங்க அதிகமா நனைஞ்சோம்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை என்கிட்ட சொல்லாமலே போயிட்டானுங்க!

எப்படித் தெரியும்னா, ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுப் பக்கம் போனேன். மீன் கொழம்பு வாசம் ஆளைத் தூக்குது. கேட்டா, "சந்தையில வாங்குனது மச்சான்"ங்கிறான்.

"சந்தை மீனுக்கு எதுக்குடா முட்டி வரைக்கும் சேறு?"

நான் போட்ட சத்தத்துல வரிசையா இருக்கிற அத்தனை வீட்டுச் சனமும், லயமே வெளிய வந்துருச்சு. கடைசியா மச்சான் கும்பிட்டான்.

"சரி மச்சான், சரி! இன்னொரு சான்ஸ் ஒனக்குத் தர்றோம். தங்குற எடம் ஒன் பொறுப்பு. இந்தத் தடவையும் சொதப்புனா, சனிக்கிழமை ராத்திரியில அக்காவோட ஒக்காந்து நாடகம் பாரு. எங்ககூட வராத."

வெளங்குதா? நான் வாங்கப் போனது டென்ட் இல்ல. என் மானம்.

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வெலிமடைச் சந்தையில லீக்ஸ் மூட்டை தூக்கி, நாலு பேர்கிட்ட ஏமாந்து, ரெண்டு பேர்கிட்ட அடி வாங்கி, பேரத்தைக் கத்துக்கிட்டவன். என்கிட்ட மூணு சட்டம் இருக்கு. வாங்கப் போற சாமானை மொதல்ல கேவலமாப் பேசணும். கடைக்காரன் எதைத் தள்ளி விடுறானோ அதைத் தொடக் கூடாது. வெலை படிஞ்ச ஒடனே எடத்தைக் காலி பண்ணணும், இல்லாட்டி மனசு மாறிருவான்.

இந்த மூணு சட்டமும்தான் என்னைக் கவுத்துச்சு.

முதலாளி மூணு வகை டென்ட் காட்டினாரு. (கடையில இருந்தப்போ மரியாதையாத்தான் பேசினேன். இப்பதான் 'யா'.) மொதல் வகைக்கு ஏகப்பட்ட கம்பி. இருட்டுல கோத்து முடிக்கிறதுக்குள்ள மீனுக்கே வயசாயிரும். வேண்டாம். ரெண்டாவது, உச்சியில இருக்கிற கயித்தை இழுத்தா கொடை மாதிரி விரியும், விட்டா கொடை மாதிரி மடங்கும்.

"அண்ணே, ஒங்களுக்கு இதுதான் சரி. யாரும் மடக்கலாம்"னு ரெண்டாவதைத் தட்டிக் காட்டினாரு.

தள்ளி விடுறான்! நான் சும்மா இருப்பேனா?

"அதென்ன அந்தத் தட்டு?"

செவத்துல பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டப் பை தொங்குச்சு. அதுதான் மூணாவது வகை.

"அது தூக்கிப் போட்டா தானா விரியும் அண்ணே. ஆனா அதுல ஒரு பழக்கம் வேணும்..."

"என்ன முதலாளி பழக்கம்? தூக்கிப் போடத் தெரியாதா எனக்கு? துணி சல்லடை மாதிரி இருக்கு. வாசல் ஜிப்பு இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வர மாட்டேங்குது. இதை எவன் வாங்குவான்? சொல்லுங்க, எவ்வளவு?"

முக்கால் மணி நேரம். அவரு எறங்க, நான் இன்னும் எறக்க, நான் கதவு வரைக்கும் போக, அவரு கூப்பிட. கடைசியில, "எடுத்துட்டுப் போங்க அண்ணே, எனக்குத் தலை வலிக்குது"ன்னாரு. படிஞ்சிருச்சு!

சட்டம் மூணு. பையை அக்குள்ல சொருகிக்கிட்டு நடையைக் கட்டினேன்.

"அண்ணே! ஒரு நிமிஷம்! ஒண்ணு சொல்லணும்!"

பாத்தீங்களா, மனசு மாறிட்டான்! நடை ஓட்டமாச்சு. லுணுகலை பஸ் நகர ஆரம்பிச்சிருச்சு, தாவி ஏறிட்டேன். அவரு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் காத்துல சுத்திச் சுத்தி என்னமோ காட்டினாரு. சாபம் விடுறான்னு நெனச்சு, நானும் சன்னல் வழியாக் கையை ஆட்டிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பகல். சாயங்காலம் கெளம்பணும். அதுக்கு முன்னாடி மச்சானுக்கும் மத்த ரெண்டு பேருக்கும் காட்டணுமே! லயத்து வாசல்ல எடம் பத்தாது. பெரட்டுக் களத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தோட்டத்து ஆளுங்களைத் தெனமும் காலையில பேர் கூப்பிட்டு தேயிலை மலைக்கு அனுப்புற எடம், நல்லா விசாலமா இருக்கும்.

"பாருங்கடா!"

தூக்கிப் போட்டேன். பொம்முன்னு ஒரு சத்தம். கண்ணை மூடித் தொறக்கல, நீலக் கலர்ல ஒரு வீடு நிக்குது!

மச்சான் சுத்திச் சுத்தி வந்தான். உள்ள படுத்துப் பாத்தான். "மச்சான்... நெசமாவே நல்ல சாமான் மச்சான்"னான். அந்த நிமிஷம் என் நெஞ்சு இருந்த அகலத்துக்கு அந்த டென்டுக்குள்ளயே அடங்கியிருக்காது.

"சரி, மடக்கு. வண்டியில ஏத்துவோம்."

மடக்கினேன். மடங்கல.

இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் எந்திரிக்குது. மச்சான் ஒரு மூலையில ஒக்காந்தான், நான் ஒரு மூலையில ஒக்காந்தேன், உள்ள இருந்த கம்பி வளையம் ரெண்டு பேரையும் ஒண்ணாத் தூக்கிப் போட்டுச்சு. பைக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு, எடுத்துப் பாத்தோம். மொதல் படத்துல டென்ட். ரெண்டாவது படத்துல ஒரு ஆளு சிரிச்சுக்கிட்டே அதை எட்டு மாதிரி முறுக்குறான். மூணாவது படத்துல அது பைக்குள்ள இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அந்தச் சிரிக்கிற ஆளுக்குத்தான் வெளிச்சம்.

எட்டைப் பாத்ததும்தான் எனக்கு ஒறைச்சது. ரோட்டுல நின்னு முதலாளி காத்துல காட்டுனது சாபம் இல்ல. எட்டு!

மச்சான்கிட்ட இதைச் சொல்லல. சொல்ல முடியுமா?

அதுக்குள்ள, பறிச்ச தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் குடுத்துட்டு பொம்பளைங்க அந்தப் பக்கமா வந்தாங்க. எங்க தோட்டத்துல பெரட்டுக் களத்துல கூடாரம் நின்னா ஒரே அர்த்தம்தான். பதுளையில இருந்து ஆபீஸ் ஆளுங்க வந்திருக்காங்க, அடையாள அட்டை, பொறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கயே செஞ்சு குடுப்பாங்க. நான் டென்டோட மல்லுக் கட்டிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஏழெட்டுப் பேரு கையில பைலோட வரிசையில நிக்கிறாங்க! முன்னாடி பாக்கியம் அக்கா. வீட்டுல இருந்து நாக்காலியும் கொண்டு வந்து, டென்டுக்குள்ள போட்டு ஒக்காந்திருச்சு.

"அக்கா, எந்திரிங்க! இது மீன் புடிக்கப் போற டென்ட்!"

"எங்க வேணும்னாலும் போங்க தம்பி. மொதல்ல என் அட்டையைப் பாத்துட்டுப் போங்க. நாலு தடவை பதுளைக்கு அலைஞ்சுட்டேன், இன்னைக்கு முடிக்காம எந்திரிக்க மாட்டேன்."

"இங்க ஆபீசர் யாரும் இல்லக்கா! நான் உங்க லயத்துக்கு மேல் லயத்துல இருக்கிறவன்! தெரியலயா?"

"தெரியுதுப்பா. எப்ப வேலை கெடச்சது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. "எல்லாரும் போங்க! ஒண்ணும் கெடையாது! போங்கன்னா போங்க!"

வரிசையில இருந்து ஒரு கொரல்: "இந்தக் கத்து கத்துறாரே, ஆபீசரேதான்."

வரிசை இன்னும் நீண்டுச்சு.

மச்சான் மணியைப் பாத்தான். டென்டை அப்படியே த்ரீவீலு கூரையில கட்டிப் பாத்தோம். வண்டியை விட டென்ட் பெருசு. காத்து ஒண்ணு வீச, வண்டி முன் சில்லு லேசா எந்திரிச்சது. ஒடனே அவுத்துட்டான்.

"மச்சான், நீ டென்டைப் பாத்துக்க. நாங்க போயிட்டு வர்றோம்."

"தங்குறதுக்கு?"

"அந்தப் பழைய படங்கை ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன்."

மூணு பேரும் போயிட்டானுங்க. கை கூட ஆட்டல.

கொஞ்ச நேரத்துல மழை புடிச்சது. எங்க மழை தெரியும்தானே, சொல்லிட்டு வராது. வரிசையில நின்ன அத்தனை பேரும் டென்டுக்குள்ள. நானும்தான். முட்டியோட முட்டி இடிக்க ஒக்காந்திருந்தோம். ஒண்ணு சொல்லணும். ஒரு சொட்டு ஒழுகல! நல்ல சாமான்!

மழை விட்டதும், பெரட்டுல பேர் கூப்பிடுற கணக்கப்புள்ளை வந்து எட்டிப் பாத்தாரு. "என்னய்யா இது? திங்கக்கிழமை பெரட்டுக்கு முன்னாடி இது இங்க இருக்கக் கூடாது."

பாக்கியம் அக்கா ஒருவழியா எந்திரிச்சது. "நீ ஆபீசர் இல்லதான் தம்பி, நம்புறேன். ஆனா நல்லாச் சத்தம் போடுற. செவ்வாக்கிழமை என்கூட பதுளை ஆபீசுக்கு வா." சரின்னேன். வேற என்ன சொல்ல?

இன்னைக்குக் காலையில மச்சான் வந்தான். தலையில இருந்து கால் வரைக்கும் ஈரம். அக்காகாரி கையில மூணு மீனைக் குடுத்துட்டு என்னைப் பாத்தான்.

"நீ நனைஞ்சியா?"

"இல்ல."

"ஒழுகுச்சா?"

"ஒரு சொட்டு இல்ல."

சட்டையைப் புழிஞ்சான். அப்புறம் சொன்னான், "அதை மட்டும் மடக்கிக் காட்டு மச்சான். அடுத்த மாசம் முன் சீட்டுல ஒன்னை ஏத்திட்டுப் போறேன்."

காலையில இருந்து களத்துல மடக்குறேன். இப்ப மத்தியானம். என் பொண்டாட்டி வாசல்ல நின்னு, "சாப்பாட்டை அங்கயே கொண்டு வரவா?"ன்னு கேக்குறா.

அதனால முதலாளி, நல்லாக் கேட்டுக்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை மூடித்தான் கெடக்கும். லுணுகலை பஸ்ஸைப் புடி. எறங்கி, நீலக் கலர் டென்ட் எங்கன்னு கேளு, சின்னப் புள்ளை கூட வழி காட்டும். அன்னைக்கு ரோட்டுல நின்னு காட்டுன அந்த எட்டை, என் பக்கத்துல நின்னு, மெதுவா, ரெண்டு தடவை காட்டு. நாளைக்கு பெரட்டுக்கு முன்னாடி இது பைக்குள்ள இருக்கணும்.

கூலி கேப்ப, தெரியும். எவ்வளவுன்னு சொல்லு, கொறைச்சுப் பேசிக்கலாம்.