பதினோரு கெமோமில் பூவும் என் ரெயின்கோட்டும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பூந்தொட்டிய டெலானிபூர்ல இருந்து குட்வில் எஸ்டேட்டுக்குக் கொண்டு போகணும். அவ்வளவுதான்.

தொட்டில இருந்தது கெமோமில். என் வீட்டுக்காரி ஜெனி விதை போட்டு வளர்த்தது. சோம்புச் செடி மாதிரி பொடிப்பொடியா இலை. நடுவுல மஞ்சள், சுத்தி வெள்ளை இதழ். பூவைக் காயவச்சு டீ போட்டுக் குடிச்சா நல்லா தூக்கம் வருமாம். குளிர் ஊர்ச் செடி. நம்ம போர்ட் பிளேர் புழுக்கத்துல வரவே வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க.

ரெண்டு தடவை செத்துச்சு. மூணாவது தடவை ஜெனி விடல. வெயில் வந்தா நிழலுக்கு, மழை வந்தா வீட்டுக்குள்ளன்னு தூக்கித் தூக்கி வச்சு, கடைசில பதினோரு பூ!

குட்வில் எஸ்டேட் ஹால்ல நடக்குற பூக் கண்காட்சிக்குப் பேர் குடுத்தா. அதுக்குள்ள தங்கச்சிக்குப் பிரசவம்னு மெயின்லேண்டுக்கு ஃபிளைட் ஏறிட்டா.

ஏறுறதுக்கு முன்னாடி சொன்னா: "ஏங்க, பதினோரு பூ. எண்ணி வச்சிருக்கேன். பத்து மணிக்குள்ள போயிருங்க. ஆட்டோல போங்க."

நான் ஏசி மெக்கானிக். அவுட்டோர் யூனிட்டையே ஸ்கூட்டில வச்சு மேடு ஏத்துனவன். ஒரு தொட்டிக்கு ஆட்டோவா?

கால் வைக்கிற இடத்துல தொட்டிய வச்சேன். கிளம்பினேன். பாதி வழில மழை!

உடனே ரெயின்கோட்ட மாட்டி, அது முன்பக்கத்தை இழுத்து செடிக்கும் சேர்த்து மூடினேன். எம்புட்டு புத்திசாலி பாருங்க. காத்துல அந்த ரெயின்கோட்டு படபடன்னு அடிச்ச அடி, செடிக்கு விழுந்த அடின்னு எனக்கு அப்போ தெரியல.

மழை விட்டதும் திறந்து பார்த்தேன். காம்பு இருக்கு. பூவைக் காணோம். வெள்ளை இதழ் பூரா ரெயின்கோட்டு உள்பக்கம் ஒட்டியிருக்கு.

மூணு மாசம் புள்ள மாதிரி பார்த்தவகிட்ட என்னத்தைச் சொல்ல?

அப்போதான் ரோட்டோரச் சரிவுல பார்த்தேன். வெள்ளை இதழ், நடுவுல மஞ்சள்! நம்ம வெட்டுக்காயப் பூண்டு. சின்ன வயசுல முட்டி பேந்தா கசக்கி வச்சு விடுவாங்களே, அதேதான். தூரத்துல இருந்து பார்த்தா கெமோமிலுக்குச் சொந்தக்காரன் மாதிரியே இருக்கு.

டூல் பேக்ல மெல்லிசா காப்பர் வயர் இருந்துச்சு. ஆறு பூவைப் பறிச்சு, பூ உதிர்ந்த காம்போட வச்சுச் சுத்திட்டேன். அதுக்கு மேல அங்க கிடைக்கல. பூக்கடைக்குப் போனேன்.

"அக்கா, குட்டி வெள்ளைச் சாமந்தி அஞ்சு குடுங்க."

"அஞ்சு பூவா? சாமிக்கா?"

"செடிக்கு."

அந்தக்கா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அஞ்சை எண்ணிக் குடுத்துருச்சு.

பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கப்போ ஹால்ல தொட்டிய வச்சேன். பதினோரு பூ. கணக்கு கரெக்ட்!

ஜட்ஜு ரிட்டயர்டான பாட்டனி வாத்தியார், மலையாளி. வரிசையா பார்த்துட்டே வந்தவர் நம்ம தொட்டிகிட்ட நின்னுட்டார். கண்ணாடிய கழட்டினார். துடைச்சார். மறுபடி மாட்டினார்.

"எந்தா இது? கெமோமில் செடி. அதுல சாமந்தியும் பூத்திருக்கு, ரோட்டுக் களையும் பூத்திருக்கு?"

"அப்படியா சார்?"ன்னேன்.

"மூணும் ஒரே குடும்பம்தான். ஆனா ஒரே செடியில நான் பார்த்ததே இல்ல. கிராஃப்டிங்கா, ஒட்டுக் கட்டினதா?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கா?

"ஆமா சார்!"

"அடிபொளி!"ன்னு கத்திட்டார். மொத்தக் கூட்டமும் எங்க டேபிளுக்கு வந்துருச்சு. கண்காட்சிய நடத்துற பெங்காலி அக்கா மோண்டல் தீதி, ஜெனியோட சிநேகிதி, ஓடி வந்து கையில மைக்கைத் திணிச்சாங்க.

"செல்வின் பாய், சப்கோ பதாவோ! கைசே கியா?"

எப்படிப் பண்ணேன்னு எல்லாருக்கும் சொல்லணுமாம்! எனக்குத் தெரிஞ்சது ஏசி மட்டும்தான்.

"பஹ்லே... முதல்ல கட் பண்ணணும். அப்புறம் ஜாயிண்ட் போடணும். அதுக்கப்புறம் லீக் இருக்கான்னு செக் பண்ணணும்."

முன்னாடி நின்ன ஒரு அம்மா அதை நோட்டுல எழுதிக்கிறாங்க!

ஜட்ஜு லென்ஸை எடுத்துக் குனிஞ்சார். ஒரு சாமந்தியை லேசாத் தொட்டார். அது கையோட வந்துருச்சு. கூடவே வயரும்.

"இது காப்பர் வயரா?"

"ஆமா சார். ஒரிஜினல் காப்பர்."

மைக் ஆன்ல இருக்கு. ஹால் பூரா கேட்டுச்சு. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

வேற வழியில்லாம மழை, ரெயின்கோட்டு, சரிவு எல்லாத்தையும் அதே மைக்லயே ஒப்பிச்சேன். மூஞ்சி கொதிக்குது. என் மானம் போனாப் போகுது, ஜெனியோட உழைப்பும் போச்சேன்னுதான் வருத்தம்.

ஜட்ஜு சிரிக்கல. ஒவ்வொரு வயரா பிரிச்சு எடுத்தார். இலையை ஒதுக்கிப் பார்த்தார். அடியில ஒரு மொட்டு, பாதி விரிஞ்சு, இம்புட்டூண்டு. ஜெனி எண்ணாதது.

மோந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். குனிஞ்சேன். ஆப்பிள் வாசனை!

"இதான் அசல். இந்த உப்புக்காத்துல இதை வளர்த்தது யாரு?"

"என் வைஃப் சார்."

"நல்ல கை. அவங்க பேர்ல ஸ்பெஷல் பரிசு எழுதுங்க. நீங்க பண்ணின வேலை பூ அலங்காரம் கேட்டகரி. அது பக்கத்து ரூம்."

வெளிய வர்றதுக்குள்ள போன். ஜெனி! மோண்டல் தீதி வீடியோவே அனுப்பிட்டாங்க.

"ஏங்க."

"சொல்லு ஜெனி."

"எனக்குச் சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்குது. நர்ஸம்மா என்னை வார்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. ஊருக்கு வந்துதான் கோவப்படணும். அந்த மொட்டுக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதையும் தொடாதீங்க."

எனக்குப் புரிஞ்சது இதுதான் மக்களே: மழைல பூ உதிர்ந்தா, "மழைல உதிர்ந்துருச்சு"ன்னு சொல்லிட்டாப் போதும், யாரும் மைக் குடுக்க மாட்டாங்க.