ரெண்டு தகரத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

போன வாரம் எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. எங்க மண்டபத்துச் சமையல் கொட்டகையில ரெண்டு தகரம் காத்துல பறந்துடுச்சு. அதை மாத்திக் குடுங்கன்னு முனிசிபலுக்கு ஒரு மெயில் போடணும். அவ்வளவுதான்.

மண்டபம் ஈப்போவுக்கு வெளிய, செமோர் பக்கம். எஸ்டேட்டு போய் தாமான் வீடுங்க வந்தப்ப எங்களுக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். கட்டடம் முனிசிபலுக்குச் சொந்தம், சாவி எங்க கமிட்டிகிட்ட. கமிட்டிக்கு நான் செயலாளர். கூட்டத்துக்கு லேட்டா போனேன், போறதுக்குள்ள என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்க.

சனிக்கிழமை அதே மண்டபத்துலதான் என் மச்சினிச்சி கோகிலாவுக்குக் கல்யாண டின்னர். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிலிம் ரிவர்ல இருந்து பஸ் எடுத்துட்டு வாராங்க. கொட்டகை ஒழுகினா பிரியாணி கஞ்சியாயிடும்.

கமிட்டித் தலைவர் தவசி அண்ணே அப்பவே சொன்னாரு. "தகரம் ரொசாக், கெட்டுப் போச்சுன்னு மலாயில ரெண்டு வரி எழுதி விடு தம்பி, போதும்லா."

நான் கேட்டாத்தானே? மலாயில எழுதினா எல்லாருக்கும் புரிஞ்சிடும். புரிஞ்சா யாரு பயப்படுவா? போன வருஷம் லோங்காங், அதான் சாக்கடை, அடைச்சு தண்ணி நிக்குதுன்னு மலாயிலதான் எழுதினோம். இன்னிக்கு வரைக்கும் அதுல தவளைதான் குடும்பம் நடத்துது.

அதனால இங்கிலீஷ்ல இறங்கினேன். போன்ல டேமேஜ்னு தட்டி, அதே மாதிரி வேற வார்த்தை கேட்டேன். பெரிய வரிசையா வந்துச்சு. பசார்ல மிளகாய் பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணாப் பாத்தேன், கீழ போகப் போகக் காரம் ஏறுது. கடைசியில இருந்துச்சு பாருங்க, அனையலேஷன்! ஒண்ணுமே மிஞ்சாம, புல் பூண்டு இல்லாம அழிஞ்சு போறதுன்னு அர்த்தம் போட்டிருந்தான். எதுக்கும் இருக்கட்டும்னு முன்னால ஒரு டோட்டலும் சேர்த்துக்கிட்டேன்.

இப்ப மெயில் தலைப்பு நீளமாயிடுச்சு. எங்கயாவது குறைக்கணுமே. சமையல் கொட்டகையைத் தூக்கிட்டு மண்டபம்னு மட்டும் போட்டேன். டோட்டல் அனையலேஷன் ஆஃப் ஹால்.

என் சம்சாரம் சரோ எட்டிப் பாத்தா. வாயிலயே நுழையலையேன்னா. நுழையக் கூடாது, அதான் இங்கிலீஷுன்னு சொல்லிட்டு அனுப்பிட்டேன். அன்னிக்குக் குடிச்ச தே தாரிக் டீ கூட தனி ருசியா இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில தவசி அண்ணே போன் அடிச்சாரு.

"தம்பி, நம்ம மண்டபம் எப்ப தம்பி அழிஞ்சு போச்சு?"

மோட்டாரை முறுக்கிக்கிட்டு ஓடினேன். மண்டபத்தைச் சுத்தி மஞ்ச டேப்பு. வாசல்ல செவப்புல 'பஹாயா'ன்னு ஒரு போர்டு, ஆபத்தாம். லோங்காங்குக்கு ஒரு வருஷமா வராத ஆளுங்க, இதுக்கு ரெண்டே நாள்ல லோரியோட வந்து மரத்தடியில உக்காந்திருக்காங்க.

அதுல மூத்தவரு ஒரு மலாய்க்கார அண்ணே. இடிஞ்சதை அள்ளிட்டுப் போகத்தான் வந்தோம், அது எங்கன்னு மரியாதையாக் கேட்டாரு. நான் புல்லுல கெடந்த ரெண்டு தகரத்தைக் காட்டினேன். அவரு தகரத்தைப் பாத்தாரு, மண்டபத்தைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. ரெண்டு தகரத்தையும் தூக்கி லோரியில போட்டுக்கிட்டாரு. நாலு ஆணி அடிச்சு அதையே திரும்ப மாட்டியிருக்கலாமேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. லோரி கிளம்பிடுச்சு.

கிளம்பறதுக்கு முன்ன டேப்பையாவது அவுத்து விடச் சொல்லிக் கெஞ்சிப் பாத்தேன். முடியாதுன்னுட்டாரு. அழிஞ்சு போன கட்டடத்துக்குள்ள ஆளை விட்டா அவரு வேலை போயிடுமாம். அழியலையே அண்ணே, கண்ணு முன்னால நிக்குதேன்னேன். அவரு தன் போனை எடுத்து என் மெயிலைக் காட்டினாரு.

வீட்டுக்கு எந்த மூஞ்சியோட போறது? போனேன். கோகிலா அழுதுக்கிட்டே ரூம் கதவைச் சாத்திட்டா. ஈப்போவுல தெரிஞ்ச மண்டபத்துக்கெல்லாம் போன் போட்டாச்சு, முகூர்த்த மாசம், ஒண்ணும் காலியில்ல. என் மாமனாரு நாற்காலியை இழுத்து எனக்கு நேரா போட்டு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஏசியிருந்தா கூடத் தேவலாம். சரோ மட்டும் வாயைத் திறந்தா.

"சம்பந்தி வீட்டுக்கு என்னங்க சொல்றது? அக்கா புருஷன் மண்டபத்தை அழிச்சிட்டாருன்னா?"

வெள்ளிக்கிழமை முனிசிபல் ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாலயே நான் வாசல்ல நின்னேன். உள்ள ஒரு புவான், மலாய்க்கார அம்மா, மூக்குக் கண்ணாடியோட என் மெயிலை அச்செடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இங்கிலீஷ்ல எழுதினா யாருக்கும் புரியாதுன்னு நெனச்சேன் பாருங்க, அவங்க இங்கிலீஷ் என் இங்கிலீஷைக் கழுவிக் காயப்போடும்.

மண்டபம் இருக்கா இல்லையான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். அப்படின்னா நீங்க எழுதினது பொய்னாங்க. பொய்யா புகார் குடுத்தா கமிட்டி சாவியைத் திருப்பிக் குடுத்துடணுமாம். இல்ல, எழுதினது உண்மைதான்னா, மிச்சம் நிக்கறதையும் இடிச்சுத்தான் ஆகணுமாம். எது வேணும்னு நிதானமாக் கேட்டாங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் கோகிலா டின்னர் நடுரோட்டுலதான்.

அந்தம்மா பேனாவால வார்த்தைக்குக் கீழ ஒரு கோடு போட்டாங்க. "அந்த வார்த்தையிலயே மொத்தமும் இருக்கு. நீங்க அதுக்கு முன்னால டோட்டல் வேற போட்டிருக்கீங்க. உங்க மண்டபம் ரெண்டு தடவை அழிஞ்சிருக்கு."

இதுக்கு மேல மறைக்க என்ன இருக்கு? தெரிஞ்ச மலாயில உண்மையைச் சொல்லிட்டேன். "புவான், எனக்கு அர்த்தம் தெரியும். அளவுதான் தெரியாது. போனது ரெண்டு தகரம். நாளைக்கு என் மச்சினிச்சி கல்யாண டின்னர்."

அந்தம்மா ஒரு வெள்ளைத்தாளை எங்கிட்ட தள்ளி, பழைய மெயிலை வாபஸ் வாங்கி இப்ப சொன்னதை அப்படியே மலாயில எழுதுங்கன்னாங்க. கூரை ரொசாக், ரெண்டு தகரம். எழுதி முடிக்க ரெண்டு வரி கூட ஆகல. கூடவே டின்னர் கார்டுலயும் அவங்க பேரை எழுதப் போனேன். வேணாம், நீங்க எதையும் எழுதாதீங்க, வாயால கூப்பிட்டா போதும்னாங்க.

ஜும்மா தொழுகை முடிஞ்சதும் அவங்களே நேர்ல வந்தாங்க. தூணைத் தட்டிப் பாத்தாங்க, மேடையில ஏறி மிதிச்சாங்க, எல்லா ஃபேனையும் சுத்த விட்டாங்க. கடைசியா கொட்டகை ஓட்டை வழியா வானத்தைப் பாத்துட்டு, இது மட்டும்தானான்னு கேட்டாங்க. இது மட்டும்தான் புவான்னேன். டேப்பை அவங்க கையாலயே அறுத்தாங்க. பூவோட வாசல்ல காத்திருந்த கோகிலா கூட்டாளிங்க உள்ள ஓடினாங்க பாருங்க, எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

சனிக்கிழமை மழை வந்துச்சு. தவசி அண்ணே கான்வாஸை இழுத்துக் கட்டிட்டாரு, பிரியாணி தப்பிச்சுது. மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸும் வந்து சேந்துச்சு. கோகிலா சிரிச்ச முகமா மேடையில நின்னா.

ரெண்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத என் மாமனாரு, என் தோள்ல கை போட்டு சம்பந்திகிட்ட கூட்டிட்டுப் போனாரு.

"இவருதான் என் மூத்த மாப்பிள்ளை. மலாய் நல்லா எழுதுவாரு."