மூலைக்குப் போனால்தான் லென்ஸ்

மனித குலத்தை உலுக்கிய கேள்விகள் இரண்டே இரண்டு. உயிர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இருட்டறையில் நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கி அச்சிட எந்த லென்ஸ் நல்லது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் யாருக்கும் குடி முழுகிவிடாது. இரண்டாவதற்காகத்தான் 'கூர்மைச் சங்கம்' பிறந்தது.

அதன் செயலாளர் ஒரு தியாகி. வீட்டின் ஒரே குளியலறையைக் கலைக்கு அர்ப்பணித்தவர். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, வாளி இருந்த இடத்தில் ரசாயனத் தட்டுகளைப் பரப்பியிருந்தார். வீட்டில் யாராவது குளிக்க வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஏழு லென்ஸ்களைச் சோதித்திருந்தார். முழுப் படம் ஒன்றுகூடப் போட்டதில்லை. அவசரப்படுகிற ஆள் இல்லை அவர்.

"என்னங்க, அக்கா திங்கக்கிழமை வெளிநாடு போறாங்க. இனி எப்ப வருவாங்களோ. நாங்க எல்லாரும் நிக்கிற அந்தப் படத்தைப் போட்டுக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்த லென்ஸ்ல?"

"கண்ணாடி இருக்கிற ஏதாவது ஒண்ணுல."

செயலாளருக்கு நெஞ்சு வலித்தது. இருந்தாலும் பெருந்தன்மையாக விஷயத்தை ஞாயிறு மதியக் கூட்டத்தில் வைப்பதாக வாக்களித்தார்.

கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். மேசையில் லென்ஸுக்கு ஒன்றாக ஏழு துண்டுப் படங்கள். ஏழும் அதே குடும்பப் படத்தின் மேல் வலது மூலை மட்டும். மூன்று வருடமாகச் சங்கத்தின் சோதனைப் படம் அதுதான்.

"நடுவுல எல்லா லென்ஸும் யோக்கியன்தான்" என்றார் தலைவர், பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி. "மூலைக்குப் போனாத்தான் சாயம் வெளுக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் துண்டில் மூலையில் ஏதோ கறுப்பாக இருந்தது. மூன்றாவதில் அது கண் என்று தெரிந்தது. ஆறாவதில் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இமை முடியை எண்ணலாம்யா! பதினேழு!"

"பதினெட்டு" என்றார் பொருளாளர். வாக்கெடுப்பு நடந்தது. பதினெட்டு வென்றது.

"இங்க பாருங்க, கண்ணோரத்துல ஈரம். கண்ணீர்த் துளிகூடக் கலங்காம விழுந்திருக்கு. இதுதான் லென்ஸ்!" என்றார் தலைவர்.

செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கண்ணை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். புருவத்தின் வளைவு, இமையோர மச்சம், எல்லாம் மனப்பாடம்.

டீ கொண்டுவந்த மனைவி மேசையருகே நின்றாள். "யார் கண்ணுங்க இது?"

"மேல் வலது மூலை" என்றார் செயலாளர்.

"அது சரி. ஆள் யாரு?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பொருளாளரைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி சங்கத்தில் இதுவரை எழுந்ததில்லை.

மனைவி தட்டை வைத்துவிட்டுக் குனிந்து, முகத்தைத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அதே புருவம். அதே மச்சம்.

"அக்கா தோள்ல கை போட்டுத்தான் நின்னேன். படம் எடுக்கிறப்ப, மூலை காலியா இருக்கு, நீ அங்க போய் நில்லுன்னீங்க. அத்தனை பேர் முன்னாடி. அப்ப வந்த கண்ணீர் அது."

செயலாளர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார், அதை வைத்து என்ன பார்ப்பது என்று தெரியாமல் திரும்பக் கீழே வைத்தார்.

"இப்பவே முழுப் படமா போட்டுடறேன்" என்றார் மெதுவாக.

"வேண்டாங்க. இது போதும். நான் இங்க எப்படி இருக்கேன்னு அக்கா கேட்டுட்டே இருக்காங்க." ஆறாவது துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சங்கத்துக்குக் கடமை முக்கியம். அன்றே தீர்மானம் எழுதப்பட்டது: 'மூன்றாண்டு தீவிர ஆய்வுக்குப் பின், லென்ஸில் எந்தக் குறையும் இல்லை என்று இச்சங்கம் ஒருமனதாக அறிவிக்கிறது.'

செயலாளர் கீழே கையெழுத்துப் போட்டார்.