லட்சுமணன் மாமா மாற்றிவிட்டுப் போன விண்டோஸ்

காலடிப்பேட்டை,
12.7.2003

மதிப்பிற்குரிய லட்சுமணன் மாமாவுக்கு, சிவந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. சேலத்தில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

போன ஞாயிறு மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு, "விண்டோஸ் 98 பழசு பாப்பா, எக்ஸ்பி போடுறேன், ரெண்டும் ஒரே குடும்பம்தான்" என்று சொல்லி மாற்றிவிட்டு, 98 சிடியையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டீர்கள். அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. துறைமுக வாசலின் மாதிரி ஒன்று செய்து, பிரின்டர் சொருகும் இடத்திலிருந்து ஒயர் இழுத்து, சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிய நானே டாஸில் புரோகிராம் எழுதியிருந்தேன். 98-இல் அழகாக எரிந்தது. எக்ஸ்பியிலும் புரோகிராம் ஓடுகிறது, விளக்குதான் எரியவில்லை. ஏன் என்று திரையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, அதுவும் இல்லை. அப்பா படகு என்ஜினைத் தட்டுவதுபோல் கேபினெட்டைத் தட்டிப் பார்த்து, "ஒயர்ல நீ ஈயம் வெச்சது லூசா கீது" என்றார். நான் உங்களைக் குறை சொன்னதும் அம்மாவுக்குக் கோபம். "இன்னாடி பேசுற? என் தம்பி புத்சா போட்டுக் குட்தான், ஊரு கண்ணு பட்டுச்சு" என்று மானிட்டரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். இப்போது மிளகாயைத் தள்ளித் தள்ளித்தான் படிக்கிறேன்.

நூலகத்தில் பத்திரிகை பார்த்த பிறகுதான் புரிந்தது. முகம் ஒன்று, உள்ளே இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல் வேறு! 95, 98 எல்லாம் பழைய டாஸ் வழி வந்தவை. என்.டி., 2000, எக்ஸ்பி தனி வழி. 98 நம் மங்கம்மா சித்தி வீடு மாதிரி, யாரும் நேரே போய்க் குழம்புச் சட்டியைத் திறக்கலாம், அடிக்கடி கவிழவும் செய்யும். எக்ஸ்பியில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், நேரே விளக்கைத் தொடப் போன என் புரோகிராமையும் அப்படித்தான். லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தில் இதற்குத் தலைகீழ், ரெட் ஹாட், டெபியன் என்று முகம் பல, கெர்னல் ஒன்று. இதெல்லாம் பார்க்காம ஒரே குடும்பம்னு சொல்லிட்டீங்களே மாமா, பேஜாரா கீது! விளக்கு எரியலன்னா மாவட்டப் போட்டிக்கு எங்க கிளாஸ் மலரோட சோடா எரிமலைதான் போவும். சிடியை உடனே கூரியரில் அனுப்பவும்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு அன்பு, சிடி இங்கே வந்த பிறகுதான்.

இப்படிக்கு,
சிவந்தி, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அடைக்கலமேரி மிஸ் சொல்லி அனுப்பினார், வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வரக் கூடாதாம், பள்ளியில் இருப்பதில்தான் காட்ட வேண்டுமாம். அங்கே அத்தனையிலும் எக்ஸ்பி. சிடி வேணாம் மாமா, நீங்களே வந்துடுங்க, எக்ஸ்பிலயே எரிய வெக்கணும். நல்லவேளை மாத்திட்டுப் போனீங்க, பழகிப் பாக்க வூட்ல ஒண்ணாவது கீது.