தலைமைப் பண்புள்ள பன்னிரண்டு கோழிகள்

கோழி வளர்ப்பு என்னும் மாபெரும் துறையில் மனித குலம் இத்தனை காலமாகத் தட்டுத் தடுமாறி நடந்து வந்ததற்குக் காரணம், கோழிகளை முறைப்படி நேர்காணல் செய்து எடுக்க ஆள் இல்லாததுதான். அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர், ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் மேலாளர். வந்த நாள்வரை அவர் உயிருள்ள கோழி ஒன்றைத் தொட்டதுகூடக் கிடையாது. முன்முடிவு எதுவும் இல்லாமல் விஷயத்தை அணுக அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று.

அலுவலகத்தில் அவரைத் 'தேர்வாளர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொன்று சொல்வார்கள். அது நமக்கு வேண்டாம். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வரும் தோரணையை வைத்தே தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவார். அப்படி அவர் தேர்ந்தெடுத்த பிரிவுத் தலைவர்கள் பன்னிரண்டு பேர். கூட்டம் என்றால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். 'துடிப்பான நிர்வாகம்' என்று முதலாளியே மெச்சியிருக்கிறார்.

அதே முதலாளி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "செலவு கையை மீறிப் போகுது. வருஷ முடிவுக்குள்ள ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பணும். யாருன்னு நீங்களே பாருங்க" என்றார். தேர்வாளர் பார்க்கவே தேவையில்லை. புகார்ப் பிரிவில் மூலை மேசையில் ஓர் அம்மாள் இருந்தார். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். ஏதாவது கேட்டால் "வேலை கிடக்கு சார்" என்று எழுந்து போய்விடுவார். காலையில் மலையாகக் குவியும் புகார்கள் சாயங்காலத்துக்குள் எப்படியோ கரைந்துவிடும். எப்படி என்று யாரும் ஆராய்ந்ததில்லை. அந்த அம்மாள் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது தேர்வாளருக்கும் தெரியும். ஆனால் அது தகுதிக்குறிப்பில் சேராது.

இந்த நேரத்தில்தான் அவருக்குக் கோழி ஆசை வந்தது. கொல்லைப்புறத்தில் மனைவி கீரைப் பாத்தி போட்டு வைத்திருந்தார்.

"கீரையைப் பிடுங்கிட்டுக் கோழி விடணும்னா முட்டை வரணும். வரலைன்னா?" என்றார் மனைவி.

"வராம எங்க போகும்? நான்தானே செலக்ட் பண்ணப் போறேன்!"

"அதனாலதான் கேக்குறேன்."

குஞ்சுக்காரரின் கொட்டகையில் பாதி வளர்ந்த குஞ்சுகள் கூட்டமாக நின்றன. தேர்வாளர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேர்காணலைத் தொடங்கினார். முதலில் ஒரு பிடி தீனியை வீசினார். மற்றவற்றை மிதித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவற்றுக்கு 'முனைப்பு' என்று மதிப்பெண் போட்டார். அடுத்துப் பலமாகக் கை தட்டினார். ஓடாமல் நெஞ்சை நிமிர்த்தி முறைத்தவற்றுக்கு 'நெருக்கடி மேலாண்மை'. சிவந்த கொண்டைக்கு 'ஆளுமை'. தடித்த காலுக்கு என்ன பெயர் வைப்பது என்று சற்றே யோசித்துவிட்டு, 'அடித்தளம்' என்று வைத்தார்.

"எதுக்கு சார் வளக்கப் போறீங்க?" என்றார் குஞ்சுக்காரர்.

"முட்டைக்கு."

"அப்படின்னா அந்த ஓரமா நிக்குது பாருங்க..."

"ஓரமா நிக்கிறது ஓரமாவே நிக்கட்டும்ப்பா. நான் இருபது வருஷமா ஆள் எடுக்குறேன்."

குஞ்சுக்காரர் கூடையை எடுத்து வந்தார். பன்னிரண்டையும் அதில் அடைத்துத் தரும்போது, "இப்படி ஒண்ணுகூடத் தப்பாமப் பொறுக்குன ஆளை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். அந்த நற்சான்றைத் தேர்வாளர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். வண்டியில் ஏறும்போது குஞ்சுக்காரர் பின்னாலேயே ஓடிவந்து நோஞ்சான் குஞ்சு ஒன்றைக் கையில் திணித்தார். "கொசுறா வச்சுக்கங்க சார். எனக்கு மனசு கேக்கல."

மனைவி அதற்குக் 'கொசுறு' என்றே பெயர் வைத்துவிட்டார். பன்னிரண்டில் பெரியதற்குத் தேர்வாளர் 'தலைவர்' என்று பெயர் சூட்டினார். ஞாயிறுதோறும் கொல்லையில் நாற்காலி போட்டு ஆய்வுக் கூட்டம் நடத்தினார். தலைவர் தீனித் தட்டின் நடுவில் ஏறி நின்று கொண்டே சாப்பிடுவார். எல்லோரும் தின்று முடித்த பிறகு கொசுறு வந்து, சிந்தியதைப் பொறுக்கிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். 'குழு மனப்பான்மை இல்லை' என்று முடிவு செய்த தேர்வாளர், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். உங்க தலையிலயா உக்காந்திருக்கு?" என்று மனைவி தடுத்துவிட்டார்.

ஒரு விடியற்காலை தலைவர் கழுத்தை நீட்டிக் கூவினார். அந்த வாரத்துக்குள் பன்னிரண்டு பேரும் கூவத் தொடங்கினார்கள். பின்வீட்டில் இருந்த காவலாளி, ராத்திரி வேலை முடித்துக் காலையில் தூங்குகிறவர், சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"பன்னிரண்டு சேவல் எதுக்கு சார்? வர்றது ஒரு சூரியன்தானே?"

"அதெல்லாம் சேவல் இல்ல. உற்சாகமான கோழிங்க" என்றார் தேர்வாளர்.

காவலாளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள், தொட்டிக்குப் பின்னால் கிடந்த பழைய கூடையில் ஒரு முட்டை இருந்தது. மனைவி எடுத்து வந்து காட்டியதும் தேர்வாளர் துள்ளிக் குதித்தார்.

"பார்த்தியா! தலைவர் சாதிச்சுட்டார்!"

"அது சேவலுங்க."

"இருக்கட்டுமே. அவர் வழிகாட்டாம இது வந்திருக்குமா?"

அன்று தலைவருக்குச் சிறப்புப் பரிசாக இரண்டு பிடி தீனி வழங்கப்பட்டது. பரிசின் ஓரத்துக்கு வந்த கொசுறைக் கொத்தி விரட்டிவிட்டுத் தலைவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டி அருகில் உட்கார வைத்தார். கொசுறு கூடைக்குள் போனது. வெகு நேரம் சத்தமே இல்லை. வெளியே வந்ததும் உள்ளே கை விட்டுப் பார்த்தார் தேர்வாளர். முட்டை சூடாக இருந்தது. அதற்குள் தலைவர் ஓடிவந்து கூடை விளிம்பில் ஏறி, சிறகை அடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கூவினார். இந்தக் காட்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தேர்வாளருக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

"இந்த ஒத்த முட்டையை வச்சு யாருக்கு என்ன செய்யறது?" என்றார் மனைவி. "கோழியை மாத்துறீங்களா, நான் கீரை விதைக்கட்டுமா?"

காலையில் ஆம்லெட் தின்னும் கனவு தேர்வாளருக்கு இருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை. சேவல்களைக் கூடையில் அடைத்துக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனார்.

"ஒரு சேவலை மட்டும் வச்சுக்கங்க சார். குஞ்சு பொரிக்கணும்னா பத்துப் பெட்டைக்கு ஒண்ணு போதும். வெறும் முட்டைக்கு அதுவும் வேணாம்" என்றார் குஞ்சுக்காரர்.

தேர்வாளர் கூடையிலேயே சாதுவான சேவலை மட்டும் நிறுத்திக்கொண்டார். பிறகு தீனியை வீசினார். இந்தத் தடவை முண்டியடித்து வந்தவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டை சிறுத்து, ஒதுங்கி நின்று, இடம் கிடைத்தபோது வந்து பொறுக்கியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். அத்தனையும் பெட்டை, ஒன்றுகூடத் தப்பவில்லை. குஞ்சுக்காரரே அசந்துபோனார். தலைவருக்குப் பிரிவு உபசாரம் ஏதும் நடந்ததா என்று தெரியாது. அன்று மதியம் குஞ்சுக்காரர் வீட்டில் குழம்பு கொதித்ததாகக் கேள்வி.

கொல்லை அமைதியாயிற்று. காவலாளி தூங்கினார். ஆண்டு முடிவதற்குள் கூடைகள் நிரம்பத் தொடங்கின. ஒரு காலை தேர்வாளர் அலுவலகச் சட்டையில், இரட்டை முட்டை ஆம்லெட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குத்தானே அந்தப் புகார்ப் பிரிவு அம்மா விஷயம் முடிவு பண்ணணும்?" என்றார் மனைவி. "நல்ல வேளை, கோழி வந்து உங்க கண்ணைத் திறந்துச்சு. அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தரை அனுப்பிடுவீங்கல்ல?"

"சேச்சே! அந்தம்மாதான் போறாங்க. கடிதாசு அடிச்சாச்சு."

"ஏங்க, கோழிக்கு மட்டும் அப்படி மாத்திப் பொறுக்குனீங்க?"

தேர்வாளர் கடைசித் துண்டை வாயில் போட்டு, ருசித்து விழுங்கி, விரலையும் துடைத்துக்கொண்டார்.

"என்ன கேள்வி இது? இந்த முட்டையைத் திங்கிறவன் நானாச்சே!"